பிஸ்கட் டப்பாவில் ஒட்டிய பசையை எடுத்த விதம்

பழைய பிரிட்டானியா டப்பா வாங்குகிறவர்கள் முதலில் அடியில் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும். 1892இல் கொல்கத்தாவில் வெறும் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய தொழில் இது. 1979 வரை ‘பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனி’ என்றும், பிறகு ‘இண்டஸ்ட்ரீஸ்’ என்றும் பெயர். என்னிடம் வந்தது முந்தைய பெயர் கொண்டது. ஆனால் மூடியின் நடுவே யாரோ ஒட்டிய விலைச்சீட்டு, விளிம்பெல்லாம் துரு.

நகப்பூச்சு நீக்கியால் துடைக்கச் சொன்னார் ஒரு நண்பர். தகரத்தில் அச்சிட்ட வண்ணத்தையே அது கரைத்துவிடும்; நல்ல நண்பர்தான், ஆலோசனைதான் சரியில்லை. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துச் சீட்டின் மேல் வைத்து இரவு முழுவதும் விட்டேன். காலையில் காகிதம் ஊறிச் சுருண்டிருந்தது. கட்டைவிரலால் தள்ளத் தள்ளப் பசை பழுப்பு உருண்டைகளாகத் திரண்டு வந்தது. அடியில் இருந்த சிவப்பு, மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது. வெயில் படாத இடம் அல்லவா?

துருவுக்கு வினிகர் வேண்டாம், அது வண்ணத்தின் ஓரத்தையும் அரிக்கும். எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுக் கம்பளியை (ஸ்டீல் வுல்) வெறும் தகரத்தில் மட்டும் தேய்த்தேன். தண்ணீர் படவே விடவில்லை. கடைசியில் மெழுகுப் பூச்சு, உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். குழிந்திருந்த மூலையை நிமிர்த்தவில்லை. தட்டினால் அச்சு உதிரும்.