‘போட்டு வாறன்’: ஊருக்குப் போகுமுன் வெள்ளவத்தையில் பழகிக்கொள்ள வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் பலர் நேரே யாழ்ப்பாணப் பக்கத்து ஊருக்குப் போவதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மாமி வீட்டில் இரண்டு நாள் நின்று, களைப்பு ஆறி, பிறகுதான் இரவு பஸ் ஏறுவார்கள். அந்த இரண்டு நாளைக் கடைகளிலேயே கழித்துவிடாதீர்கள். நாலாம் மாடியில் குடியிருந்தாலும் மாமியின் பேச்சும் முறையும் ஊருடையவைதான். இங்கே பிழைவிட்டால் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். ஊரில் திருத்த மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

முதலில் வாசல். வெளிக்கிடும்போது ‘போறன்’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. ‘போட்டு வாறன்’ என்பதே முறை. இதில் எதையும் போடுவதில்லை. ‘போய்விட்டு’ என்பதுதான் பேச்சில் அப்படிச் சுருங்கிவிட்டது. பெரியவர்கள் வெறுமனே ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதும் உண்டு. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள், அவர் வரப்போகிறார் என்று கதவைத் திறந்தபடி நிற்பார்கள். வெளிக்கிட்டு நிற்பவரிடம் ‘எங்கை போறியள்?’ என்று கேட்பதும் பிழை. போகிற காரியம் தடைப்படும் என்பது நம்பிக்கை. ‘தூரவோ?’ என்று கேளுங்கள். உங்களிடம் கேட்டால் முகவரி சொல்லத் தேவையில்லை. ‘ஓம், உதிலை ஒருக்கா’ என்றால் போதும்.

அந்த ‘உ’வையும் கவனியுங்கள். இது பேசுகிறவருக்குக் கிட்ட, அது இருவருக்கும் தூர, உது கேட்கிறவர் பக்கத்தில். தொலைபேசியில் ‘உங்கை மழையோ?’ என்றால் நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் கேட்கிறார்கள்.

செத்தவீட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே ‘போட்டு வாறன்’ சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். தலையசைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறுங்கள். கொழும்பில் உடலை மலர்ச்சாலையில், அதாவது இறுதிச்சடங்கு மண்டபத்தில் வைத்து அங்கிருந்தே பொரளை கனத்தை மயானத்துக்கு எடுத்துச் செல்வதும் உண்டு. வீடில்லையே என்று அங்கே ‘பாய்’ சொல்லிவிட்டு வராதீர்கள். வெள்ளை அல்லது மங்கிய நிற உடை போதும். திரும்பி வந்ததும் கதிரையில் இருக்காமல், எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போகவேண்டும்; வெளிக்கிடும்போதே துவாயையும் மாற்றுடுப்பையும் அங்கே வைத்துவிட்டுப் போனால் சிக்கலில்லை.

இறந்தவர் உறவினர் என்றால் கோயிலுக்கு நாள் வைக்குமுன் வீட்டின் மூத்தவரிடம் ‘எங்களுக்கும் துடக்கோ?’ என்று கேட்டே ஆகவேண்டும். துடக்கு என்றால் தீட்டு. பல சைவக் குடும்பங்களில் துடக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையோடுதான் கழியும். தகப்பன் வழியில் எண்ணுவதால், நீங்கள் முகமே காணாத ஒரு பெரியப்பாவின் சாவும் உங்கள் நல்லூர்க் கோயில் பயணத்தை மறிக்கலாம். மூன்று கிழமை விடுமுறையில் இது பெரிய இடி. அதற்காக மறைத்துவிட்டுப் போனால் ஊரில் ஆறாத கதையாகிவிடும்.

தேத்தண்ணிக்கு முதல்தரம் ‘வேண்டாம்’ என்றால் அதை மறுப்பாக யாரும் எடுப்பதில்லை; கூச்சம் என்றே நினைப்பார்கள். இரண்டாம் முறையும் வரும். உண்மையில் வேண்டாமென்றால் ‘எப்பன் தண்ணி தாங்கோ’ என்று கேட்டு ஒரு வாய் குடியுங்கள். எப்பன் என்றால் கொஞ்சம். ஒன்றும் வாயில் வைக்காமல் எழும்புவதுதான் குறை. சாப்பாட்டில் முதல்தரமே வயிற்றை நிரப்பாதீர்கள், மறுசோறு கட்டாயம் வரும். நிறுத்த ‘காணும்’ என்று சொல்லிக் கையை இலைக்கு மேலே பிடியுங்கள். கையைப் பிடிக்காத ‘காணும்’ இன்னொரு அகப்பை சோறு.

இந்தியத் தொலைக்காட்சி பார்த்துத் தமிழ் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் ‘மாமா பேசினார்’ என்றால் மாமா திட்டினார் என்று பொருள். உரையாடுவது கதைப்பது. பெரியவர்களுக்கு ‘நீ’ வேண்டாம், எப்போதும் ‘நீங்கள்’. இடையில் உள்ள ‘நீர்’ சமவயதினருக்கானது. அதை மாமனாரிடம் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். மட்டக்களப்புப் பக்கம் யாராவது ‘மனே’ என்று கூப்பிட்டால் அது ‘மகனே’, அன்பு மட்டும்தான்.

‘மெலிஞ்சு போனாய்’, ‘சம்பளம் எவ்வளவு?’, ‘எப்ப கலியாணம்?’ எல்லாம் விசாரிப்பு, விசாரணை அல்ல. மழுப்பலாகப் பதில் சொல்லலாம், முகத்தைச் சுளிக்கக்கூடாது. ஆனால் ‘ஊரிலை எவடம்? ஆற்றை (யாருடைய) மகன்?’ என்ற கேள்விக்கு இரண்டு முனை உண்டு. பெரும்பாலும் உறவு தேடுவதுதான். சிலவேளை சாதி தேடுவது. ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.

பழமொழியைச் சாடையாகச் சொல்வார்கள்: யாரையும் பாராமல், சுவரைப் பார்த்து. அது அறையில் இருக்கும் ஒருவருக்கானது. வயதானவரின் மறதியைப் பார்த்துச் சிரித்தால் ‘காவோலை விழக் குருத்தோலை சிரிச்சுதாம்’ என்று வரும். காவோலை காய்ந்து விழுகிற பனையோலை. குருத்தும் ஒருநாள் காவோலைதான். ‘பனைக்குக் கீழ இருந்து பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவினம்’ என்றால் உங்கள் சேர்க்கையையோ, இரவு வீடு வந்த நேரத்தையோ யாரோ கவனித்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி வாதாடாதீர்கள். ‘ஓம் மாமி’ போதும்.

வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போகவேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் தாராளம். கறி வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுங்கள். கொண்டாட்டத்துக்குக் கொடுக்கும் காசு 1,001, 5,001 என்று ஒன்றில் முடியட்டும். குழந்தையை ‘என்ன வடிவு!’ என்று வாய்விட்டுப் புகழ்ந்தால் நாவூறு என்பார்கள். நீங்கள் போனபின் அதைக் கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடிக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டில் உப்போ ஊசியோ கேட்காதீர்கள்.

கடைசியாக, புறப்படுகிற நேரம். ராகுகாலம் திங்கள் 7.30-9, சனி 9-10.30, வெள்ளி 10.30-12, புதன் 12-1.30, வியாழன் 1.30-3, செவ்வாய் 3-4.30, ஞாயிறு 4.30-6. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மாமி உங்களைக் கதவுக்கு வெளியே விடமாட்டா. விமானம் ராகுவுக்காகக் காத்திராது என்பதால், நல்ல நேரத்திலேயே ஒரு பையை வீட்டுக்கு வெளியே வைத்துப் பயணத்தைத் தொடக்கிவிடுவது சிலரின் வழக்கம். அடுக்குமாடியில் அந்தப் பை லிப்ற் வாசலில் இருக்கும். கடவுச்சீட்டு இல்லாத பையாகப் பார்த்து வையுங்கள்.