வேலையை விட்டுப் போனவர் கையில் வினா வங்கி எதற்கு?

எங்கள் கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் ரிலீவ் ஆகிறார் என்றால், நோ ட்யூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், லேப், அக்கவுண்ட்ஸ் என்று அலைவார். அந்தப் படிவத்தில், ஆன்லைனில் பாடமும் தேர்வும் நடத்தும் மென்பொருளான மூடுலுக்குக் (Moodle) கட்டமே இல்லை. ஆனால் இன்டர்னல் தேர்வெல்லாம் மூடுலில்தான் நடக்கிறது, வினா வங்கியும் அங்கேதான் கிடக்கிறது. அட்மின் வேலை என் தலையில் விழுந்த பிறகு, ரிலீவிங் ஆர்டரின் நகல் எனக்கும் வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி வாங்கிக்கொண்டேன். அனுமதியை எடுக்கும் வேலை இதில்தான் தொடங்குகிறது. யார் போனார் என்றே தெரியாவிட்டால் எதை எடுப்பது?

முதலில் ஒன்று: யாருடைய கணக்கையும் டிலீட் செய்யாதீர்கள். ஒரு மாணவரின் கணக்கை நீக்கினால் அவர் மதிப்பெண்ணும் கூடவே போய்விடும். அதே பெயரில் மறுபடி கணக்கு திறந்தாலும் மூடுலுக்கு அவர் புது ஆள்தான். அப்புறம் அரியர் எழுத வரும்போது பழைய இன்டர்னல் மதிப்பெண்ணைக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? அடைக்க வேண்டியது உள்ளே வரும் வழியை மட்டும்தான். விடைத்தாள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஆள் முழுக்கவே போய்விட்டார் என்றால் வேலை சுலபம். சைட் அட்மினிஸ்ட்ரேஷனில் யூசர்ஸ் பகுதிக்குப் போய், அவர் பெயரைத் தேடி, கணக்கை சஸ்பெண்ட் செய்யுங்கள். எங்காவது லாகின் செய்து வைத்திருந்தாலும் அந்த அமர்வு அறுந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது போதாது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற இணைப்பு வழியாக, சொந்த மெயிலுக்குப் புதிய பாஸ்வேர்டைப் போனவரே வரவழைத்துக்கொள்ள முடியும்.

ஆள் கல்லூரியில்தான் இருக்கிறார், ஒரு பாடம் மட்டும் கைமாறிவிட்டது என்றால்தான் சிக்கல். மூடுலில் அனுமதி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மொத்த தளம், துறையின் கேட்டகரி, கோர்ஸ், அந்தக் கோர்ஸுக்குள் ஒரு குவிஸ் (ஆன்லைன் தேர்வு) என்று பல தட்டுகள் உண்டு. மேல் தட்டில் கொடுத்தது கீழே வரை பாயும். ஹெச்.ஓ.டி.யாக (துறைத் தலைவராக) இருந்தவருக்குக் கேட்டகரியில் மேனேஜர் ரோல், அதாவது அதற்கான அனுமதிகளின் தொகுப்பு, கொடுத்திருப்பார்கள். பொறுப்பு மாறியதும் ஒவ்வொரு கோர்ஸாகப் போய் அவர் பெயரை எடுத்தால் ஒரு பயனும் இல்லை. பார்ட்டிசிபன்ட்ஸ் பட்டியலில் பெயர் இருக்காது, ஆள் மட்டும் உள்ளே வந்துபோவார்.

அதனால் நான் எப்போதும் முதலில் திறப்பது ஒரே ஒரு பக்கம். அவருடைய புரொஃபைலில் இருந்து பிரிஃபரன்சஸ் போனால், ரோல்ஸ் என்ற தலைப்பின் கீழ் 'திஸ் யூசர்ஸ் ரோல் அசைன்மென்ட்ஸ்' இருக்கும். எந்தத் தட்டில் என்ன ரோல் என்று மொத்தமும் அங்கே வரிசையாக வந்துவிடும். கொடுத்த தட்டுக்கே போய் எடுங்கள். எடுத்த பிறகு கோர்ஸுக்குள் 'செக் பெர்மிஷன்ஸ்' பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, வினாக்களைப் பார்க்கும் அனுமதி இன்னும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சைட் அட்மின் பட்டியல் இதில் எதற்கும் கட்டுப்படாது. அதில் பெயர் இருந்தால் வேறு எங்கே என்ன தடை போட்டாலும் அவருக்கு எல்லாம் திறந்திருக்கும். பழைய லேப் அசிஸ்டென்ட், ஒரு காலத்தில் மூடுலை நிறுவிக் கொடுத்த வெண்டர் என்று யார் யாரோ அதில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பாருங்கள்.

இன்னொரு பொறி, பெர்மிஷன்ஸ் பக்கத்தில் இருக்கும் நீக்கும் சின்னம். ஒருவரைத் தடுப்பதாக நினைத்து அங்கே டீச்சர் ரோலை எடுத்தால், அந்தக் கோர்ஸில் டீச்சராக இருக்கும் எல்லோருக்கும் அந்த அனுமதி போய்விடும். தேர்வன்று காலையில் போன் வரும். தனி ஆள் என்றால் பார்ட்டிசிபன்ட்ஸ் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே உள்ள ரோலை மாற்றினால் போதும். விடைத்தாள் திருத்த மட்டும் வேண்டும் என்பவருக்கு 'நான்-எடிட்டிங் டீச்சர்' (Non-editing teacher) ரோல் சரியாக இருக்கும்.

மாணவர் விஷயத்தில், டிஸ்கன்டினியூ ஆனவரை அன்என்ரோல் செய்வதைவிட, கோர்ஸில் என்ரோல்மென்ட் ஸ்டேட்டஸை 'சஸ்பெண்டட்' என்று மாற்றுவதே எனக்குப் பிடித்த வழி. கோஹார்ட் (மொத்தமாகச் சேர்க்க வைத்திருக்கும் குழு) வழியாகச் சேர்த்திருந்தால் அந்தக் கோஹார்ட்டிலிருந்தே எடுக்க வேண்டும். சஸ்பெண்ட் ஆனவர்கள் மதிப்பெண் பட்டியலில் மறைந்துபோனதாக ஆசிரியர்கள் பதறுவார்கள். குவிஸ் ரிசல்ட்ஸில் 'ஆல் யூசர்ஸ் ஹூ ஹேவ் அட்டெம்ப்டட் தி குவிஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், எழுதியவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். தேர்வு நடக்கும்போது காப்பி அடித்துப் பிடிபட்டவர் என்றால், முதலில் சூபர்வைசர் முன்னிலையில் சப்மிட் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதியை அதற்குப் பிறகு எடுங்கள். எழுதியது வரை கையில் இருந்தால்தான் விசாரணையில் பேச முடியும்.

கெஸ்ட் லெக்சரர்களுக்கு, சேர்க்கும்போதே என்ரோல்மென்ட் முடியும் தேதியைப் போட்டுவிடுகிறேன். தேதி தாண்டினால் கோர்ஸ் தானாக அடைபடும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எந்த பட்டனாலும் ஆகாது. போனவர் வினா வங்கியை ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது. லாக்ஸில் (யார் என்ன செய்தார் என்ற பதிவில்) அவர் பெயரைப் போட்டு, கடைசி சில வாரங்களில் எக்ஸ்போர்ட்டோ கோர்ஸ் பேக்கப்போ எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். எடுத்திருந்தால் குவிஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அடுத்த தேர்வுக்குப் புது வினாக்கள் போடச் சொல்லி சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகத்துக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.