புள்ளி உதிராமல் துணியில் படம் ஒட்டுவது எப்படி

‘கள்ளழகர்’ என்று எழுதினால் இரண்டு புள்ளி வரும். ள் தலையில் ஒன்று, ர் தலையில் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிற குழு ஒன்றுக்கு 40 டிஷர்ட் அடித்துக் கொடுத்தேன். நெஞ்சில் தங்கக் குதிரையில் அழகர், கீழே பெயர். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் யாரையும் விட்டுவைப்பதில்லை; விடிவதற்குள் சட்டையெல்லாம் தொப்பல். அப்புறம் வீட்டில் இரண்டு சலவை. பத்து நாள் கழித்து குழுவின் பெரியவர் செல்லூரில் இருக்கிற என் கடைக்கு வந்து சட்டையை மேஜையில் விரித்தார்.

“ஏத்தா, இதைக் கொஞ்சம் வாசி.”

வாசித்தேன். களளழகர. புள்ளி இரண்டும் போயிருந்தன.

“முப்பது வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவன் நெஞ்சுல இப்படி எழுதி அனுப்பிட்டியே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குதிரையின் முகமும் கடிவாளமும் அப்படியே இருக்க, புள்ளி மட்டும் ஏன் உதிர்ந்தது? நான் பெரும்பாலும் செய்வது டிடிஎஃப், அதாவது ‘டைரக்ட் டு ஃபிலிம்’. பிளாஸ்டிக் ஃபிலிமில் முதலில் வண்ணம் அடிப்பார்கள், அதன் மேல் வெள்ளை மை. மை ஈரமாக இருக்கும்போதே பசைப்பொடி தூவி, சூடு காட்டி உருக்குவார்கள். அந்த ஃபிலிமைத் துணியில் கவிழ்த்து அழுத்தினால் பசை இளகி நூலுக்குள் இறங்கும். ஆக, படத்தைத் துணியில் பிடித்துவைப்பது மை இல்லை, பசை. பெரிய உருவத்துக்கு அடியில் நிறையப் பசை இருக்கும். தனியாக நிற்கிற பொடிப் புள்ளிக்கு அடியில் நாலைந்து துகள்தான். கடிவாளம் மெல்லிய கோடுதான், ஆனாலும் குதிரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தப்பித்தது. புள்ளிக்கு அப்படி ஒரு துணை கிடையாது.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தனித்து நிற்கிற புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. துவைக்கிற துணி என்றால் ஒன்றரை வைப்பேன். எழுத்தைச் சுற்றி ஒரு கரை கொடுத்து, புள்ளியும் எழுத்தும் அந்தக் கரைக்குள் சேர்ந்து நிற்கிற மாதிரி செய்துவிட்டால் இன்னும் நல்லது.

தமிழ் எழுத்தில் வேறொரு வம்பும் இருக்கிறது. ஃபிலிம் அடிக்கிற கடையில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து நடுவில் புள்ளி வட்டத்தோடு வரும். எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றியோ, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகவோ அனுப்புங்கள். அடிக்கப்போகிற அதே அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்ட படம் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நிழல், புகை, ஒளிவட்டம் என்று மங்கி மறைகிற விளிம்புகளும் ஆகாது. அடியில் இருக்கிற வெள்ளை மை எட்டிப் பார்த்து, கறுப்புத் துணியில் பொடுகு மாதிரி தெரியும்.

போன வருடம் ஒருவர் தாம்பூலப் பைக்கு மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைக் கேட்டார். ஒன்பது நிலையும் வேண்டும், சிலையெல்லாம் தெரிய வேண்டும், அகலம் நாலு அங்குலம். மாதிரிக்கு ஒன்று அடித்துக் காட்டினேன். கதம்பச் சாதம் மாதிரி இருந்தது. பிறகு மேல் மூன்று நிலையும் கலசமும் மட்டும் எடுத்து, சிலைகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு கொடுத்தோம். அப்போதுதான் கோபுரம் கோபுரமாகத் தெரிந்தது. நுணுக்கம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் படத்தைப் பெரிதாக்கச் சொல்வேன், இல்லையென்றால் வெட்டச் சொல்வேன்.

சரி, துணிக்கு வருவோம். என்ன துணி என்று தெரியாமல் மெஷினைச் சூடாக்காதீர்கள். சந்தேகம் வந்தால் உள்தையலில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகி உருண்டையாகும். திருப்பூரில் இருந்து வருகிற 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தி டிஷர்ட்டுதான் பழகுவதற்கு ஏற்றது.

நான் இரண்டு விதமாக ஏமாந்திருக்கிறேன். முதலாவது மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியதிலிருந்து கல்யாண வீடுகளில் இதைக் கேட்பது சகஜமாகிவிட்டது. புதுப் பையில் கஞ்சி மொடமொடவென்று இருக்கும். பசை நூலைத் தொடாமல் கஞ்சியின் மேலேயே உட்கார்ந்து, ஒரு வாரத்தில் அப்பளம் போல உரிந்து வந்தது. சுங்குடிக்கும் இதே கதைதான். கஞ்சி போக ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அலசும்போது சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு கபடி அணிக்கு அடித்த சிவப்புப் பாலியஸ்டர் பனியன். முதுகில் வெள்ளை நம்பர். அடித்தபோது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில் நம்பரெல்லாம் ரோஸ் நிறம். பாலியஸ்டருக்குப் போட்ட சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகி மேலே ஏறிவிடும். இதற்கென்று குறைந்த சூட்டில் ஒட்டுகிற பசைப்பொடியும் சாயத்தைத் தடுக்கிற ஃபிலிமும் உண்டு. 130 டிகிரிக்குள் முடித்து, ஒரே ஒரு சட்டையை மட்டும் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே மீதியைத் தொடுங்கள்.

இப்போது மெஷின். என்னிடம் இருப்பது 15 அங்குலச் சதுர ஹீட் பிரஸ், சூட்டோடு அழுத்துகிற மெஷின். 15 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், கிரைண்டர் ஓடுகிற லைனில் வேண்டாம். மின்சாரம் தாழ்ந்தால் சூடும் தாழும். அழுத்தம் சீராக விழுகிறதா என்று பார்க்க ஒரு வழி: நாலு மூலையிலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து, மெஷின் சூடாவதற்கு முன் மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுலபமாக வந்துவிட்டால் அந்த மூலையில்தான் உங்கள் படம் உரியும். பொத்தான், ஜிப், தடித்த தையல் எல்லாம் பலகைக்கு வெளியே தொங்கட்டும்.

துணியை விரித்து, தூசி நூலை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் துணியை 5 விநாடி அழுத்துங்கள். ஐப்பசி மழையில் ஆவி கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஈரம் அடியில் இருந்தால் பசை பிடிக்காது. பிறகு சட்டையை நெடுக்காக இரண்டாக மடித்தால் நடுக்கோடு கிடைக்கும். பெரியவர்கள் சட்டையில் கழுத்துப் பட்டையிலிருந்து மூன்று அங்குலம் கீழே படம் தொடங்கினால் சரியாக இருக்கும். பருத்திக்கு 155 டிகிரி, 15 விநாடி, நடுத்தர அழுத்தம். ஃபிலிம் கொடுத்தவர் வேறு கணக்கு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து உரிப்பது. பாதி வேலை இங்கேதான் கெடும். ஃபிலிம் சூட்டோடு உரிக்கிற வகையா, ஆறிய பிறகா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு என்றால் புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் என் தகரக் கூரைக்குக் கீழே அது லேசில் ஆறாது. தரையில் ஒரு கடப்பைக் கல் போட்டு வைத்திருக்கிறேன், சட்டையை அதில் விரித்தால் சீக்கிரம் ஆறிவிடும். மூலையைப் பிடித்து மேலே தூக்காதீர்கள். ஃபிலிமைத் தன் மேலேயே மடித்து, துணியை ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். எங்காவது புள்ளியோ கோடோ ஃபிலிமோடு கிளம்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படியே படியவிட்டு இன்னொரு 7 விநாடி அழுத்தி, மறுபடி ஆறவிட்டு உரிக்கலாம். முழுதாக வந்த பிறகு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைப் போட்டு 10 விநாடி அழுத்துங்கள். இந்த இரண்டாவது அழுத்தத்தைத்தான் அன்றைக்கு நான் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மெஷின் இல்லாமல் இஸ்திரிப் பெட்டியில் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்னப் படம் என்றால் செய்யலாம். மெத்தை விரித்த மேஜையில் வேண்டாம், கட்டைப் பலகையில் வையுங்கள். ஆவி வராத பெட்டி, பருத்திக்கான சூடு. தேய்க்காமல் உடம்பின் எடை முழுவதும் இறங்க 20 விநாடி அழுத்தி, தூக்கி, பக்கத்தில் வையுங்கள். எங்கள் தெரு முனை இஸ்திரி அண்ணனின் கரிப்பெட்டியிலும் ஒருமுறை ஆசைக்குச் செய்து பார்த்தேன். எடை பிரமாதம், சூடு கடவுள் விட்ட வழி. படம் கருகிவிட்டது.

துணி அல்லாத பொருட்களில், வெள்ளைக் கோப்பைக்குச் சப்ளிமேஷன்: காகிதத்தில் அடித்த மை சூட்டில் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்குகிற முறை. அதற்கென்று பூச்சு பூசிய கோப்பைதான் ஆகும். 180 டிகிரியில் மூன்று நிமிடம். காகிதத்தில் படத்தை இடம் வலமாகத் திருப்பி அடிக்க மறந்தால் பெயரைக் கண்ணாடியில்தான் வாசிக்க வேண்டும். பெயின்ட் அடிக்காத பிளைவுட்டில் டிடிஎஃப் நன்றாகவே ஒட்டும். குடை, ரெயின்கோட், ரெக்சின் பை மூன்றையும் நான் தொடுவதில்லை; ஒன்று ஒட்டாது, இல்லை உருகும். எவர்சில்வர் சொம்பு, ஹெல்மெட்டுக்கு யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர் இருக்கிறது. அதற்குச் சூடே வேண்டாம், துடைத்துவிட்டு விரலால் அழுத்தினால் போதும். ஆனால் கம்பி நார் போட்டுத் தேய்க்கிற வீட்டுக்குச் சீர் சொம்பில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பதுதான் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்.

சட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்து அனுப்புகிறேன்: ஒரு நாள் கழித்துத் துவைக்கவும், உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில், பிரஷ் போடாமல்; படத்தின் மேல் நேராக இஸ்திரி வேண்டாம். வாத்தியாருக்கு நாற்பதையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இந்த வருடமும் அவர்தான் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டை சட்டையாக எடுத்து, நகத்தால் புள்ளியைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் பையில் வைத்தார்.