கடைசி 100 மீட்டரில் கால் கட்டிப்போனது எப்படிச் சரியானது

தஞ்சாவூரில் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். 300 மீட்டர் வரை முன்னால் போவேன், அப்புறம் தொடை கல்லாகிவிடும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து, தினமும் 200 மீட்டரை ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளியில் ஓடினேன். இன்னும் மோசமானது.

காரணம் பிறகுதான் புரிந்தது. முழு வேகத்தில் ஓடும்போது தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு 10 விநாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது திரும்ப நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடமாவது வேண்டும். அதுவரை தசை குளுக்கோஸை அவசரமாக உடைக்கிறது. உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது, கால் கனக்கிறது. பழியை, குளுக்கோஸ் அப்படி உடையும்போது உண்டாகும் லாக்டேட்டின் மேல் போடுகிறோம், பாவம். அதையே இதயமும் மெதுவாக இயங்கும் தசை இழைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.

அதனால் ஓட்டத்தை மூன்றாகக் குறைத்து, நடுவே எட்டு நிமிடம் நடந்தேன். வாரம் இரண்டு நாள் புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயின் கரையில் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். தசை செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நுண் இரத்தக்குழாய்களும் இந்த மெதுவான ஓட்டத்தில் பெருகும். முதலில் பொறுமையே இல்லை, உண்மையில் வேதனையாக இருந்தது. வெயில் ஏறினால் இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், அதே வேகத்துக்கே நாடித்துடிப்பு கூடும். ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பினேன்.

மூன்று மாதத்தில் என் நேரம் 55 விநாடியிலிருந்து 53.4 ஆனது. கடைசி வளைவில் இப்போது தோள் இறுகுவதில்லை.