கை நுழையாத ஸ்டாண்டுக்குள் மீன் தொட்டி பைப் மாற்றுவது

நாலடி தொட்டி, கீழே மர ஸ்டாண்டு, அதற்குள் சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வடிந்து சேரும் கீழ்த்தொட்டி), பின்னால் சுவருக்கு நாலு விரல் இடைவெளி. சம்பிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பில், திறந்து மூட ஒரு பால் வால்வு போடலாம் என்று உள்ளே தலையை விட்ட பிறகுதான் தெரியும், ஹேக்சா பிரேமை ஆட்டக்கூட இடமில்லை என்று. முதல் தடவை எல்லாவற்றையும் உள்ளே படுத்துக்கொண்டே ஒட்டினேன். எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு) கோணலாகத் திரும்பி அப்படியே பிடித்துக்கொண்டது, பிவிசி ஒட்டும் சொல்யூஷன் நெடியில் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் ஒட்டுகிற வேலை முக்கால்வாசி மொட்டைமாடியில், ஸ்டாண்டுக்குள் பெரும்பாலும் யூனியனை, அதாவது திருகிக் கழற்றி மாட்டுகிற இணைப்பை, கையால் முறுக்குவதுதான்.

முதலில் மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள், பைப்பில் நிற்கும் தண்ணீர் இறங்கட்டும். பழைய பைப்பை அறுக்க பிரேம் வேண்டாம், வெறும் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றினால் போதும். அதுவும் நுழையாவிட்டால், கொத்தனார் கட்டும் நைலான் நூலைப் பைப்பின் பின்னால் விட்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள், உரசும் சூட்டிலேயே பிவிசி அறுபட்டுவிடும். பிசிறைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அளவெடுப்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். காய்ந்த பைப் சாக்கெட்டின் (இணைப்பில் பைப் நுழையும் குழியின்) அடிவரை போகாது, பாதியிலோ முக்காலிலோ இறுகி நிற்கும். சொல்யூஷன் பட்டதும் வழுக்கிக்கொண்டு முழுசாகப் போய்விடும். சும்மா செருகிப் பார்த்து வெட்டினால் நாலு ஜாயிண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும். அதனால் சாக்கெட் ஆழத்தை அளந்து அந்தக் கணக்கில் வெட்டுங்கள். எல்போ எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ, பைப்பிலும் எல்போவிலும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு. ஒட்டும்போது கால் திருப்பு திருப்பி கோட்டோடு கோடு சேர்த்து அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், விட்டால் பைப் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். 

வால்வுக்கு மேலே ஒரு யூனியன், கீழே ஒன்று. இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றோடு நிறுத்தினால் அடுத்த முறை மறுபடி அறுக்க வேண்டியதுதான். வெட்டிய பழைய பைப் முனைகளில் யூனியனின் பாதிகளை ஒட்டுவது மட்டும் உள்ளேயே செய்தாக வேண்டும், அதற்குக் கதவைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகாது. யூனியனுக்குள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு முறுக்குங்கள். ஸ்பானர் தேவையில்லை. சரி, ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அப்புறம் தண்ணீரை ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயிண்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரமாகக் காட்டும். கடைசியாக மோட்டாரை நிறுத்திவிட்டு சம்பைப் பாருங்கள். 120க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர், ரிட்டர்ன் முனை மூன்று சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் கரண்ட் போனதும் 16 லிட்டர் பின்வழியாக இறங்கும். சம்பில் அதற்கு இடமில்லையென்றால் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பது நின்றுவிடும். அந்த ஓட்டையில் பாசியும் நத்தையும் அடைக்கும், கண்ணாடி துடைக்கும்போது பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து.