வரைபடத்தைப் படக்கோப்பாகச் சேமிக்கும்போது

பைத்தான் நிரலில் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம் கொண்டு வரைந்த படத்தைக் கோப்பாக்க 'சேவ்ஃபிக்' என்ற ஒரே வரி போதும். கோப்பின் பெயருக்குப் பின்னால் பிஎன்ஜி, எஸ்விஜி, பிடிஎஃப் என எதைப் போடுகிறீர்களோ அந்த வடிவில் சேமிக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் வரிசை. படத்தை ஜன்னலில் காட்டும் 'ஷோ' வரியை முதலில் எழுதினால், ஜன்னலை மூடியதுமே படம் போய்விடும். அடுத்து வரும் 'சேவ்ஃபிக்' புதிதாக ஒரு வெற்றுப் படத்தைத் திறந்து அதைச் சேமிக்கும். கோப்பு இருக்கும், உள்ளே வெறும் வெள்ளை. பிழைச்செய்தியும் வராது, அதுதான் வம்பு. முதலில் சேமியுங்கள், பிறகு காட்டுங்கள்.

அளவு எளிய பெருக்கல்தான். இயல்பான படம் 6.4 × 4.8 அங்குலம், டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) 100. ஆக 640 × 480 பிக்சல். அச்சிடுவதற்கு டிபிஐ 300 கொடுத்தால் 1920 × 1440. எழுத்து பொடியாகத் தெரிந்தால் டிபிஐயை ஏற்றிப் பயனில்லை, எழுத்தும் கோடும் சேர்ந்தே பெரிதாகும். அங்குல அளவைக் குறையுங்கள்.

எக்ஸ், ஒய் அச்சின் பெயர் ஓரத்தில் வெட்டுப்பட்டால் 'பிபாக்ஸ் இன்ச்சஸ்' என்பதற்கு 'டைட்' கொடுங்கள். ஆனால் பிக்சல் கணக்கு மாறிவிடும். துல்லியமான அளவு கேட்கும் இடத்தில் படத்தின் அளவை மாற்றாமல் உள்ளே இடம் ஒதுக்கும் 'கன்ஸ்ட்ரெயின்ட்' லேஅவுட்டே மேல்.

கோட்டுப் படத்துக்கு ஜேபெக் வேண்டாம், விளிம்பெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். எஸ்விஜி ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி வடிவமாக எழுதும், அதில் லட்சம் புள்ளிகளைப் போட்டால் கோப்பு திணறும். புள்ளிகளுக்கு மட்டும் 'ராஸ்டரைஸ்டு' வைத்தால் அவை பிக்சல் படமாகச் சேரும், எழுத்து கூர்மையாகவே நிற்கும்.

நிரலின் சுழற்சியில் (லூப்) பல படங்கள் சேமித்தால் ஒவ்வொன்றையும் 'குளோஸ்' செய்யுங்கள். 20 தாண்டியதும் எச்சரிக்கை வரும், நினைவகமும் நிரம்பும்.