ஆனந்த் கறுப்பில் ஜெயித்த ஆட்டம்: பலகையில் வைத்துப் பார்ப்போம்

காரைக்குடிக்கு லீவில் வரும் பிள்ளைகள் வளவில், ஆத்தங்குடி டைல்ஸ் மேல் செஸ் பலகையை விரித்ததும் முதல் சண்டை நிறத்துக்குத்தான். கறுப்பு யாருக்கும் வேண்டாம். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது, 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடு ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் லெவோன் ஆரோனியனை வென்ற ஆட்டம். 23 நகர்த்தல்தான்.

படி 1: தொடக்கம்

இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. பெரிய போட்டிகளில் அடிக்கடி வருவது. கு குதிரை, ம மந்திரி, யா யானை. காய் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய். × என்றால் வெட்டு. டி4 போன்றவை கட்டத்தின் பெயர். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்தது கறுப்பு.

1.டி4 டி5 2.சி4 சி6 3.கு-எஃப்3 கு-எஃப்6 4.கு-சி3 இ6 5.இ3 கு-டி7 (பி8 குதிரை) 6.ம-டி3 டி×சி4 7.ம×சி4 பி5 8.ம-டி3 ம-டி6 9.இருவரும் காஸ்லிங் 10.ராணி-சி2 ம-பி7 11.ஏ3 யா-சி8

மனப்பாடம் வேண்டாம். கறுப்பு மந்திரிகள் இரண்டும் வெள்ளை ராஜா இருக்கும் பக்கம் திரும்பியிருப்பதை மட்டும் பாருங்கள். பி7 மந்திரியைச் சொந்தச் சிப்பாயே சி6-ல் மறைக்கிறது.

படி 2: வழி திறப்பது

12.கு-ஜி5 சி5. மறைப்பு விலகியாச்சு. 13.கு×ஹெச்7 கு-ஜி4! "அண்ணே, யானை போகுது!" என்று இங்கே பிள்ளைகள் பதறுவார்கள். போகட்டும். வெள்ளை உடனே யானையை வெட்டினால் ஹெச்2-ல் மந்திரி செக்கோடு இறங்கும், பின்னாலேயே ராணி வரும். அதனால் 14.எஃப்4 சி×டி4 15.இ×டி4 ம-சி5! மந்திரியையே நீட்டுகிறார். ஆரோனியன் தொடவில்லை: 16.ம-இ2.

படி 3: இங்கே நிறுத்துங்கள்

16-வதுக்கு ஆனந்தின் பதில்: டி7 குதிரை இ5-க்கு வருகிறது. சிப்பாயால் வெட்டலாமே? வெட்டினால் கறுப்பு ராணி டி4-ல் வெட்டிச் செக். ராஜா ஹெச்1-க்குப் போனால், ராணி நேராக ஜி1-ல் போய் உட்காரும்! சி5 மந்திரி காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2-ல் குதிக்க, மேட். சொந்தக் காய்களே ராஜாவை அடைத்துவிடும்.

1907-ல் இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில், அந்தக் கால செஸ் மேதை ரூபின்ஸ்டைன் ரோட்லெவியைக் கறுப்பில் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தோடு இதை ஒப்பிடுவார்கள். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

படி 4: முடிவு

17.ம×ஜி4 ம×டி4 செக் 18.ராஜா-ஹெச்1 கு×ஜி4 19.கு×எஃப்8 எஃப்5 20.கு-ஜி6 ராணி-எஃப்6 21.ஹெச்3 ராணி×ஜி6 22.ராணி-இ2 ராணி-ஹெச்5 23.ராணி-டி3 ம-இ3. ஆரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

ஏன்? டி3-லிருந்து ஹெச்3 வரை விரலால் கோடு இழுங்கள். வெள்ளை ராணியின் காவலுக்கு நடுவில் இ3 மந்திரி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து கறுப்பு ராணி ஹெச்3-ல் வெட்டினால் மேட். ஜி2 சிப்பாய் திருப்பி வெட்ட முடியாது, ஏனென்றால் அது நகர்ந்தால் பி7 மந்திரி ராஜாவைப் பிடித்துவிடும். இ3 மந்திரியை ராணியால் வெட்டினாலோ, ஜி4 குதிரை அந்த ராணியை வெட்டிவிடும்.